ஏழுகாலன் சட்டை உரித்த நாள்

டாரண்டுலா என்றதும் என் கணவர் அதை ஏதோ நாய் வகை என்று நினைத்துக்கொண்டார். தம்பி போனில் கேட்டபோது நான் மல்பெரித் தோட்டத்தில் தழை அறுத்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவனை கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்புகிறது, திரும்பி வரும்வரை அவன் வளர்க்கிற இரண்டு டாரண்டுலாக்களை நான் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான். கையில் அரிவாள், தோளில் போனை இடுக்கிக்கொண்டு நிற்கிறேன். சரி என்று சொல்லிவிட்டேன். கணவர் வாசலில் தகரக் கொட்டகையின் கீழே இடத்தைக் கூட்டி, சங்கிலி மாட்ட ஒரு முளையும் அடித்து வைத்தார்.

மொரப்பூர் ஸ்டேஷனில் தம்பி இறங்கியபோது பையை முதுகில் போடாமல், கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தான். வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து, துண்டில் சுற்றியிருந்த இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளை வெளியே எடுத்தான். ஒன்றில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புச் சிலந்தி. இன்னொன்றில் அதைவிடக் கொஞ்சம் சின்னதாக, பழுப்பு உடம்பும் முதுகில் செம்பட்டை ரோமமுமாக ஒன்று. என் கணவர் ஒரு பார்வை பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போய் செருப்பைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டார்.

சொல்லவேண்டும், அவர் பயந்த மனிதர் அல்ல. கிணற்றுக்குள் பாம்பு விழுந்தால் ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் குளியலறைச் சுவரில் ஒரு எட்டுக்கால் பூச்சி இருந்துவிட்டால் சோப்பு நுரையோடு வெளியே வந்து என்னைக் கூப்பிடுகிற ஆள்.

தம்பி என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு புழுக்கொட்டகை, அதைச் சுற்றி மல்பெரி. புழு நான்கு முறை சட்டை உரிக்கும். அந்த நேரத்தை நாங்கள் தூக்கம் என்போம். தூக்கத்தில் இருக்கும் புழுவுக்குத் தழை போடக்கூடாது, தொடக்கூடாது, அதன் படுக்கை ஈரமாக இருக்கக்கூடாது. இதெல்லாம் எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. “நீ புழு பாக்கறவக்கா. உனக்கு இது ஒண்ணுமே இல்ல,” என்றான் தம்பி.

அவன் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். வாரத்துக்கு ஒரு பூச்சி. சின்னக் கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர். கையில் எடுத்துக் கொஞ்சக்கூடாது. புழுக்கொட்டகைக்கு நாங்கள் அடிக்கிற பிளீச்சிங் பவுடர் வாடை கொஞ்சம்கூட இதன் பக்கம் வரக்கூடாது. இரண்டுமே வெளிநாட்டு ரகம், காட்டில் பிடித்தவை அல்ல, பெட்டியிலேயே பொரித்து வளர்ந்தவை என்றும் சொன்னான். பழுப்பு நிறத்தைக் காட்டி, “இவனுக்கு ஒரு கால் இல்லக்கா, பாத்தியா?” என்றான்.

குனிந்து எண்ணினேன். ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் மூன்று. மூடியின் வலைக் கம்பியில் நகம் மாட்டிக்கொண்டதாம். இழுத்துப் பார்த்து, வராமல் போகவே காலையே கழற்றிப் போட்டுவிட்டதாம். அடுத்த முறை சட்டை உரிக்கும்போது புதுக் கால் வந்தாலும் வரும் என்றான். நான் நம்பவில்லை. புழு சட்டை உரித்தால் பெரிதாகும், அவ்வளவுதான். போன காலா திரும்பி வரும்?

மறுநாள் தம்பி கிளம்பிப் போனான். என் கணவர் அதற்கு ஏழுகாலன் என்று பெயர் வைத்தார். எமனைச் சொல்கிறாரா காலைச் சொல்கிறாரா என்று நான் கேட்டேன். இரண்டும்தான் என்றார். பெட்டிகளைப் படுக்கையறை அலமாரியில் வைத்தேன், அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார். நான் சிலந்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மோட்டார் போடவேண்டும், மாட்டைப் பார்க்கவேண்டும் என்று எழுந்துவிடுவார்.

எனக்கோ முதல் வாரத்திலேயே பைத்தியம் பிடித்துவிட்டது. மல்பெரிக்கு நாங்கள் பூச்சிமருந்து அடிப்பதில்லை, அடித்தால் புழு செத்துவிடும். அதனால் அங்கே திரியும் சுவர்க்கோழிப் பூச்சிகள் விஷமில்லாதவை. வாரம் ஒரு சாயங்காலம் வரப்போரம் கல்லைப் புரட்டி ஆளுக்கு ஒன்று பிடித்து வந்து போடுவேன். பெரியது மண்ணுக்குள் வளை தோண்டிக்கொண்டு அதன் வாயில் காத்திருக்கும். பூச்சி கிட்டே வந்ததும் ஒரு பாய்ச்சல், அவ்வளவுதான், பூச்சியும் இருக்காது, சிலந்தியும் இருக்காது. ஏழுகாலன் நிதானக்காரன். திறந்த வெளியிலேயே நிற்பான், பூச்சி காலில் வந்து இடித்தால்தான் பிடிப்பான். ஒருமுறை தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கையை விட்டேன். பின்னங்காலால் வயிற்றை விறுவிறுவென்று தேய்த்து ரோமத்தைக் கிளப்பிவிட்டான். கம்பளிப் பூச்சி பட்டதுபோலப் புறங்கை தடித்து அரித்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி போய் அவன் முன்னால்தான் உட்கார்ந்தேன்.

முதலில் சட்டை உரித்தது பெரியதுதான். ஆனால் அதை நான் பார்க்கவில்லை. ஒருநாள் வளையின் வாயை மண்ணும் நூலும் வைத்து அடைத்துக்கொண்டது. நாட்கள் போயின. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நான் தவித்தேன். தம்பி தோண்டிப் பார்க்காதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். பிறகு ஒரு காலையில் பெட்டிக்குள் இரண்டு சிலந்திகள் இருந்தன. ஒன்று வளை வாயில், கரிக்கட்டி போலப் பளபளவென்று. மற்றொன்று தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் சுருண்டு. அது அதன் பழைய சட்டை. உள்ளேயே உரித்து, குப்பையைத் தள்ளுவதுபோல வெளியே தள்ளியிருக்கிறது. ரோமம், நகம், பல் முதற்கொண்டு எல்லாம் அதில் இருந்தது. ஓடிப்போய் கணவரிடம் காட்டினேன். “ஒண்ணு செத்துதா? போவட்டும் வுடு,” என்றார் ஆறுதலாக. நான் விளக்கத் தொடங்குவதற்குள் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்ததையாவது கண்ணால் பார்த்துவிடவேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

அந்தச் சமயம் கொட்டகையில் புழு நான்காம் தூக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழுகாலனும் அதே வாரத்தில் சாப்பாட்டை நிறுத்தினான். போட்ட சுவர்க்கோழி அவன் மேல் ஏறி இறங்கியது. கால் நுனியை மட்டும் நகர்த்திக்கொண்டு சும்மா நின்றான். ரோமத்தை உதிர்த்துவிட்டதால் அவன் வயிற்றில் ஒரு வழுக்கைத் திட்டு இருந்தது. முன்பெல்லாம் வெளிர் சந்தன நிறம். அது இப்போது நாளுக்கு நாள் கறுத்து, உள்ளே மை ஊற்றியதுபோல ஆகிவிட்டது. புதுத் தோலும் புது ரோமமும் அடியில் தயாராகி, மேல்தோல் வழியே தெரிகிறது என்று தம்பி விளக்கினான். அவன் இருக்கும் ஊரில் அப்போது விடியற்காலை. தூக்கக் கலக்கத்தில் வீடியோவில் வந்தவன் அந்தத் திட்டைப் பார்த்ததும் எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

உடனே சுவர்க்கோழியை எடு என்றான். சட்டை உரிக்கிற நேரத்தில் சிலந்தியால் எதிர்க்க முடியாது, பசித்த சுவர்க்கோழி அதையே கடித்துத் தின்றுவிடும். எடுத்தேன். புழுப் படுக்கையில் தூக்க நேரத்தில் சுண்ணாம்புத் தூள் தூவுவோமே, அதுபோல இங்கேயும் கொஞ்சம் தூவலாமா என்று கேட்டேன். அவன் பதறிவிட்டான். இங்கே எல்லாம் நேர்மாறு. உடம்பில் நீர் இருந்தால்தான் அழுத்தம் கொடுத்துப் பழைய தோலிலிருந்து வெளியே வர முடியும். நீர் வற்றினால் கால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கிண்ணம் நிரம்பி இருக்கட்டும், ஒரு மூலையில் மண்ணை லேசாக நனைத்து விடு, சிலந்தி மேல் தெளிக்காதே, பெட்டியை அசைக்காதே. “அப்புறம் மல்லாந்து கெடந்தா செத்துட்டான்னு நெனச்சிக்காதக்கா. அப்பதான் ஆரம்பம்,” என்றான்.

அன்று முதல் ஒரு கால் கொட்டகையில், ஒரு கால் படுக்கையறையில். கொட்டகைக்குப் போய்விட்டு வந்தால் கை கழுவி, சேலை மாற்றித்தான் அலமாரிப் பக்கம் போவேன். புழுக்கள் தலையைத் தூக்கி அசையாமல் நின்றன. ஏழுகாலன் பெட்டியின் நடுவில் மெல்லிய நூலால் பாய் விரிக்க ஆரம்பித்தான். வயிற்றை அப்படியும் இப்படியும் ஆட்டி ஆட்டி, அடுக்கடுக்காக. புதுத் தோலோடு மண்ணில் கிடக்காமலிருக்க அவனே போட்டுக்கொள்ளும் படுக்கை அது.

அந்த நாளில் பார்த்து கொட்டகையில் சுண்ணாம்புத் தூள் தீர்ந்துபோனது. புழு முக்கால்வாசி தூக்கத்துக்குப் போய்விட்டது, தூவாமல் முடியாது. காலையில் ஏழுகாலன் பாயின் மேல் நிமிர்ந்துதான் நின்றான். ஒரே ஓட்டமாக மொரப்பூர் போய் வந்துவிடலாம் என்று வண்டியை எடுத்தேன்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்துகிறேன், கணவர் கிணற்றடியில் நிற்கிறார். துவைக்கிற கல்லின் மேல் ஏழுகாலனின் பெட்டி. பக்கத்தில் தென்னைமரத்தடியில் சின்னதாக ஒரு குழி, மண்வெட்டி சாய்த்து வைத்திருக்கிறது. அவர் முகத்தில் உண்மையான வருத்தம்.

“வேட்டி எடுக்க உள்ள போனன், உன் ஏழுகாலன் போய்ட்டான். மல்லாந்து கெடக்கறான். நீ வந்து பாத்தா அழுவன்னு நானே எடுத்தாந்தன்,” என்றார்.

சுண்ணாம்பு மூட்டையை அப்படியே போட்டுவிட்டுக் கல்லருகே போய்க் குனிந்தேன். நூல் பாய் மேல் மல்லாந்து, ஏழு காலையும் மேலே விரித்துக்கொண்டு கிடந்தான். நானே சில நொடி செத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு கால் நுனி துடித்தது. தலைப்பக்கத்து ஓட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல். அதற்குள் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது.

“சாவலைங்க. சட்டை உரிக்கறான். பொட்டிய மறுபடி தொடாதீங்க,” என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். “அப்ப நான் தூக்கியாந்தது?”

தம்பிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி தூக்கிக்கொண்டு உள்ளே போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கீறல் விட்ட பிறகு அசைப்பது அதைவிடத் தப்பு என்று பட்டது. கிணற்றடியிலேயே நடக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஆனால் அங்கே இரண்டு தொல்லைகள். தென்னையின் நிழல் நகர்ந்துகொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் கல்லின் மேல் வெயில் விழும். அதைவிட, கல்லின் அடியில் கட்டெறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. மூடியில் காற்றுக்காகப் போட்ட ஓட்டைகள் வழியே அவை உள்ளே நுழைந்தால் எதிர்க்கத் தெம்பில்லாத பூஞ்சை உடம்பு என்ன ஆகும்? எறும்பு விஷயத்தில் மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் யோசிக்க நேரம் வேண்டியதில்லை. புழுத்தட்டு அடுக்கும் ஸ்டாண்டின் ஒவ்வொரு காலின் கீழும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தே பழகியவர்கள் நாங்கள். கல்லைத் தூக்கமுடியாது, பெட்டியை அசைக்க முடியாது. அதனால் கணவர் ஈரமண்ணைக் குழைத்து எடுத்துவந்து, கல்லின் விளிம்பைச் சுற்றி விரல் உயரத்துக்கு ஒரு கரை கட்டினார். கரைக்கு உள்பக்கம் வாய்க்கால்போல ஒரு பள்ளம் விட்டார். நான் அதில் சொம்பால் மெதுவாகத் தண்ணீர் விட்டேன். பெட்டி தீவுபோல நடுவில் நின்றது. ஒரு எறும்பு கரையேறி வந்து தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

வெயிலுக்கு அவர் குடையை எடுத்துவந்தார். அதைப் பிடிக்கவேண்டுமானால் பெட்டியின் பக்கத்திலேயே நிற்கவேண்டும். எனக்குப் புழுக்கொட்டகை காத்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். “நீ போய் சுண்ணாம்பு போட்டுட்டு வா,” என்றார். முகம் வெளிறித்தான் இருந்தது. குடைக்காம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

கொட்டகையில் தூளைத் தூவிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் கேட்டது. ஓடினேன்.

தலைப்பக்கத்து ஓடு மூடி திறந்தாற்போல விலகியிருந்தது. வயிற்றின் இருபக்கமும் பிளந்திருந்தது. உள்ளிருந்து சுண்ணாம்பும் ரோஜாவும் கலந்த நிறத்தில் ஒரு புது உடம்பு, விட்டு விட்டு, ஒவ்வொரு உந்தலாக வெளியே வந்துகொண்டிருந்தது. உந்துவான், நிறுத்துவான். நிறுத்தும்போதெல்லாம் இனி வரமாட்டானோ என்று இருக்கும். மறுபடி ஒரு உந்தல். கையுறையிலிருந்து விரலை உருவுவதுபோல எல்லாக் காலும் ஒன்றாகப் பழைய காலுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்தன. நான் தரையில் மண்டியிட்டிருந்தேன். குடை மெல்லத் தாழ்ந்து வந்து என் தலையில் இடித்தது, அவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதோ அந்தப் பக்கம் பாரு,” என்றார். “மொட்டையா இருந்த எடத்துல.”

கால் இல்லாத இடத்தில் குட்டைத் தண்டு மாதிரி இருந்த முண்டிலிருந்து ஏதோ மடிந்து வெளியே வந்தது. முதலில் வெள்ளை நூல் உருண்டை என்று நினைத்தேன். அது மெதுவாக நீண்டது. ஒரு கணு விரிந்தது, அப்புறம் இன்னொன்று. நுனியில் இரண்டு பொடி நகம். மற்றக் கால்களைவிட ஒல்லி, கொஞ்சம் குட்டை. ஆனால் கால்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் விரல் நீட்டி எண்ணினார். இரண்டு முறை எண்ணினார்.

எல்லாக் காலும் வெளியே வந்த பிறகு வெகுநேரம் அப்படியே மல்லாந்து கிடந்தான். கால்களை மடக்கி, நீட்டி, உடற்பயிற்சி செய்வதுபோல. பிறகு ஒருபக்கமாகப் புரண்டு நிமிர்ந்தான். பழைய சட்டை பக்கத்தில் கிடந்தது. தம்பி அதற்குள் போனில் வந்திருந்தான். நான் பேசுவதற்கு முன் என் கணவர் போனை வாங்கிக்கொண்டார். “மாப்ள, எட்டு. நானே பாத்தன்,” என்றார். தான் தூக்கிக்கொண்டு வந்ததையும், குழி வெட்டியதையும் அவரே சொல்லிவிட்டார். தம்பி திட்டவில்லை. நல்லவேளை, அப்போதுதான் மல்லாந்திருக்கவேண்டும், பாதியில் தூக்கியிருந்தால் பிழைத்திருக்காது என்று மட்டும் சொன்னான். அதைக் கேட்டு அவர் கல்லுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வெயில் தாழ்ந்ததும் பெட்டியை அவரே இரண்டு கையாலும் ஏந்தி, முழுசாக நிரப்பிய பால்குடம் சுமக்கிற நடையில் அலமாரிக்குக் கொண்டுபோனார். மண்வெட்டியை எடுத்து அந்தக் குழியை மூடினேன்.

சட்டை உரித்த பிறகுதான் உண்மையான பொறுமை வேண்டும் என்று தெரிந்தது. உடம்பு இன்னும் கெட்டிப்படவில்லை. எட்டிப் பார்த்தால் அதன் பற்கள் பால் வெள்ளையாக இருந்தன. அந்தப் பல்லால் எதையும் கடிக்க முடியாது. அது சிவந்து, பிறகு நன்றாகக் கறுக்கும்வரை இரை போடக்கூடாது. தண்ணீர் மட்டும். கொட்டகையில் புழுக்கள் தூக்கம் தெளிந்து, போட்ட தழையெல்லாம் சரசரவென்று தின்று தீர்த்தன. இது மட்டும் பட்டினியாகக் கிடக்கிறதே என்று அவருக்கு ஒரே கவலை. தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே அலமாரிக்கு வருவார். டார்ச் அடித்து, “இன்னும் செவப்பாத்தான் இருக்குது,” என்று அறிவித்துவிட்டுப் போவார்.

இதற்கிடையில் தம்பி இன்னொரு வேலை கொடுத்தான். பழைய சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே, அதில்தான் ஆணா பெண்ணா என்று தெரியும் என்றான். இதுநாள்வரை ஆண் என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஆணாக இருந்தால் முழு வளர்ச்சி அடைந்த பிறகு அதிக காலம் உயிரோடு இருக்காதாம். அந்தச் சட்டை காய்ந்து அப்பளமாக இருந்தது. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஊறவைத்தோம். இளகியதும் வயிற்றுப் பகுதியைப் பல்குத்தும் குச்சியால் விரித்து, வெள்ளைத் தட்டில் பரப்பினேன். கணவர் ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் தம்பி வீடியோவில் இருந்த போனும் பிடித்திருந்தார். மூச்சு விடும் உறுப்பின் வெள்ளைத் திட்டுகள் இரண்டு ஜோடி தெரிந்தன. மேல் ஜோடிக்கு நடுவில் பார் என்றான் தம்பி. அங்கே பைபோலச் சின்னதாக ஒரு மடிப்பு, இரண்டு நுனியோடு நீட்டிக்கொண்டிருந்தது.

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். “பொண்ணுக்கா. இவ பொண்ணு. இன்னும் எத்தனையோ வருசம் இருப்பா.”

“ஏழும் இல்ல, காலனும் இல்ல,” என்றார் என் கணவர். புதுப் பெயர் யோசிக்கவேண்டும் என்றார். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு என் மனம் நிரம்பியிருந்தது. இத்தனை வருடம் புழு வளர்த்திருக்கிறேன். ஆயிரமாயிரம் புழு என் கண் முன்னால் சட்டை உரித்திருக்கிறது. ஒன்றைக்கூட உட்கார்ந்து முழுதாகப் பார்த்ததில்லை. கூடு கட்டிய பிறகு அவற்றில் எதுவும் எங்களிடம் தங்குவதில்லை. தங்கப்போகிற ஒரு உயிர் உரிப்பதை இப்போதுதான் பார்த்தேன்.

பற்கள் கறுத்துவிட்டன என்று அவர் ஒருநாள் காலையில் வந்து சொன்னார். நானும் பார்த்தேன், எள் கறுப்பு. சாயங்காலம் நான் தோட்டத்திலிருந்து வரும்போது அவர் வரப்போரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் தீப்பெட்டி, அதற்குள் ஒரு சுவர்க்கோழி. ரொம்பப் பெரிதாக வேண்டாம், முதல் சாப்பாடு சின்னதாக இருக்கட்டும் என்று தேடி எடுத்ததாம்.

மூடியைத் திறந்தது நான். போட்டது அவர். சுவர்க்கோழி கொஞ்சம் தயங்கி நின்றது, நனைந்த மூலைப் பக்கம் நடந்தது. அவள் அசையவில்லை. பிறகு அந்த ஒல்லிக் காலை, புதுசாக வந்த அந்தக் காலைத்தான், மெதுவாகத் தூக்கி மண்ணில் ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்தது எங்கள் கண்ணுக்கே பிடிபடவில்லை. பூச்சி அவள் வாயில் இருந்தது. கணவர் பின்னால் துள்ளிக் கட்டிலில் மோதிக்கொண்டார். அப்புறம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே திரும்ப வந்து, பெட்டிமேல் மூக்கு படுமளவு குனிந்து, அவள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.